மண்டிப்போன பூச்செடிகளுக்கு எந்தக் கவாத்து? குமரி மாவட்ட வீட்டுத் தோட்டங்களுக்கான ஓர் ஒப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு செம்பருத்தியையோ அரளியையோ வீட்டுச் சுவரோரம் நட்டுவிட்டு நான்கைந்து ஆண்டுகள் கத்தி படாமல் விட்டால், அது சன்னலை மூடி, மதிலைத் தாண்டி, கிணற்றடிக்குப் போகும் வழியையும் அடைத்துக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் என்பதால், பிற மாவட்டங்களில் வறட்சி செய்துதரும் கட்டுப்பாடு இங்கே செடிக்குக் கிடைப்பதில்லை. அப்படி மண்டிப்போன செடியை என்ன செய்வது என்று யோசிப்பவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. ஒரேயடியாக முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடலாம். முதிர்ந்த கொம்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டு மூன்று தவணைகளில் அடியோடு நீக்கலாம். வேலிக் கத்தரியால் மேற்பரப்பை மட்டும் சமன் செய்யலாம். அல்லது செடியையே தோண்டியெடுத்துவிட்டு வேறொன்றை நடலாம். எந்தச் செடி, எந்த மாதம், மாவட்டத்தின் எந்தப் பகுதி என்ற மூன்றையும் வைத்தே இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மூன்றில் மாதத்தைத்தான் நம்மில் பெரும்பாலோர் கணக்கில் கொள்வதில்லை. ஆள் கிடைத்த நாளே கவாத்து நாள் என்றாகிவிடுகிறது.

ஒரு பூச்செடி ஏன் உச்சியில் மட்டும் பூத்து, அடியில் வெறும் விறகாக நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. ஒவ்வொரு கொம்பின் நுனி மொட்டும் ஆக்சின் என்னும் வளரூக்கியைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. அது கீழேயுள்ள பக்க மொட்டுகளை உறக்கத்தில் வைத்திருக்கிறது. மேலே இலைகள் அடர, உள்ளே வெளிச்சம் குறைந்து அடி இலைகள் பழுத்து உதிர்கின்றன. பூக்களோ புதுத் தளிர்களின் நுனியைத் தேடி ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறிக்கொண்டே போகின்றன. நுனியை வெட்டியதும் அந்தத் தடை நீங்கி, உறங்கிய மொட்டுகள் விழிக்கின்றன. குளிர்நாட்டுத் தோட்ட நூல்களில், சென்ற ஆண்டுக் கொம்பில் பூப்பவை எவை, இவ்வாண்டுத் தளிரில் பூப்பவை எவை என்று பிரித்து, அதற்கேற்பக் கவாத்துக் காலத்தைச் சொல்வார்கள். செம்பருத்தி, அரளி, தெச்சி என்னும் இட்லிப்பூ, நந்தியாவட்டை, காகிதப்பூ என நம் முற்றங்களில் நிற்பவை ஏறக்குறைய எல்லாமே புதுத் தளிரில் பூப்பவை என்பதால், அந்தப் பிரிவினை நமக்கு அவ்வளவாகப் பயன்படாது. பூ போய்விடுமோ என்ற அச்சத்தைவிட, வெட்டுக்காயம் ஆறுமா, தளிர் தாக்குப்பிடிக்குமா என்ற கேள்விகளே இங்கே முக்கியமானவை.

வழிகளில் அதிகம் கையாளப்படுவதும் குறைந்த பயன் தருவதும் மேற்பரப்பைச் சமன் செய்யும் மூன்றாவது வழிதான் என்பது என் கருத்து. வேலிக் கத்தரியைக் கொண்டு நுனிகளை மட்டும் ஒரே மட்டத்தில் வெட்டும்போது, ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே இரண்டு மூன்று தளிர்கள் கிளைத்து, செடியின் வெளிப்புறத்தில் ஓர் அடர்ந்த இலைக்கூடு உருவாகிறது. அதற்குள்ளே வெளிச்சமும் காற்றும் நுழைவதில்லை; மாவுப்பூச்சிக்கும் அதை மேய்க்கும் எறும்புக்கும் அதைவிட வசதியான இடம் வேறில்லை. தெச்சியின் பூங்கொத்து நுனியில்தான் உருவாகிறது என்பதால், மாதந்தோறும் சமன் செய்யப்படும் தெச்சி வேலி பச்சையாக இருக்குமே தவிர பூப்பது அரிதாகிவிடும். பூ வேண்டாம், மறைப்புத்தான் வேண்டும் என்பவருக்கு இது பொருந்தும். மற்றவர்களுக்கு, வேலை முடிந்த அன்று கண்ணுக்கு அழகாகத் தெரிவதைத் தவிர இதில் ஆதாயம் எதுவும் இல்லை. ஒரு மழைக்காலம் கழிந்ததும் செடி பழைய உயரத்துக்கே வந்து நிற்கும், முன்பைவிட அடர்த்தியாக.

அடிவரை வெட்டும் முதல் வழி பார்ப்பதற்குக் கொடுமையாகத் தோன்றினாலும், சில செடிகளுக்கு அதுவே சரியான தீர்வு. நாட்டுச் செம்பருத்தியும் அரளியும் அவற்றில் முதன்மையானவை. வேர் நன்றாக ஓடிய, நோயற்ற ஓர் அரளியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வெட்டிவிட்டாலும் அடியிலிருந்து கற்றையாகத் தளிர்க்கும். செம்பருத்திக்கு ஒன்றரை முதல் இரண்டடி வரை விட்டுவைப்பது பாதுகாப்பானது. இந்த வழியில் ஒரே நாளில் வேலை முடிகிறது, ஒரே நாள் கூலியோடு செலவும் முடிகிறது, கொம்புகளுக்குள் புகுந்து பூச்சியைத் தேட வேண்டியதில்லை என்ற மூன்று வசதிகள் உண்டு. மறுபக்கத்தில், இலை முழுவதையும் இழந்த செடி வேரிலும் அடித்தண்டிலும் சேமித்துவைத்த மாவுச்சத்தை நம்பியே மீண்டும் எழ வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் நிழலில் நலிந்த செடிக்கோ, கறையான் அரித்த அடித்தண்டு உடையதற்கோ, வெட்டுவதற்கு முன்பே இலை மஞ்சளித்து நிற்பதற்கோ அந்தச் சேமிப்பு இராது. அத்தகையவற்றை ஒரேயடியாக வெட்டுவது பெரும்பாலும் கொல்வதாகவே முடியும்.

ஒட்டுச் செடிகளுக்கு இந்த வழியில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. நாற்றுப்பண்ணைகளில் விற்கப்படும் பெரிய பூக்களைக் கொண்ட கலப்பினச் செம்பருத்திகளில் பல, வேறொரு செம்பருத்தியின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டப்பட்டவை, ரோஜாவும் அப்படியே. ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே வெட்டிவிட்டால், பிறகு தளிர்ப்பது நாம் விரும்பி வாங்கிய செடியாக இராது. அடித்தண்டில் ஒரு முண்டு அல்லது பட்டையின் நிறமாற்றம் தெரிகிறதா என்று பார்த்து, அதற்கு ஒரு சாண் மேலேயே கத்தியை நிறுத்த வேண்டும்.

தவணைகளில் கொம்புகளை நீக்கும் இரண்டாவது வழியையே, ஐயம் இருக்கும் இடங்களில் எல்லாம் நான் பரிந்துரைப்பேன். காய்ந்தவை, நோய்ப்பட்டவை, ஒன்றோடொன்று உரசுபவை ஆகியவற்றை முதலில் எடுத்துவிட வேண்டும். இவை எத்தனை இருந்தாலும் கணக்கில் சேராது. அதன் பிறகு உயிருள்ள கொம்புகளில் மிகப் பருத்த, மிகப் பழைய மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையை ஒட்டியோ, அவை கிளைக்கும் இடத்தை ஒட்டியோ நீக்க வேண்டும். மிச்சமுள்ளவை இலையோடு நின்று வேருக்கு உணவளித்துக்கொண்டிருக்கும். திறந்துவிட்ட இடைவெளியில் வெளிச்சம் விழுந்து அடியிலிருந்து புதுக் கொம்புகள் எழும். அடுத்த தவணையில் இன்னொரு பங்கு, அதற்கடுத்ததில் கடைசிப் பங்கு என்று முடிக்கும்போது, பழைய கொம்பு ஒன்றுகூட இல்லாத புதிய செடி அதே வேரில் நிற்கும். நம் தட்பவெப்பத்தில் செம்பருத்தி போன்றவற்றுக்கு ஆண்டுக்கு இரண்டு தவணைகள் கூட இயலும். தெச்சிக்கும் நந்தியாவட்டைக்கும் ஆண்டுக்கு ஒன்றே போதும். இந்த வழியின் உண்மையான குறை, கண்ணும் பொறுமையும் வேண்டும் என்பதுதான். எந்தக் கொம்பு பழையது, எது அடியிலிருந்து புதிதாக வந்தது என்று அடையாளம் காணத் தெரியாத ஆளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால், அவர் கைக்கெட்டிய கொம்புகளை வெட்டிவிட்டுப் போய்விடுவார். வெட்ட வேண்டிய கொம்புகளில் முன்கூட்டியே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவைப்பது அந்தச் சிக்கலைத் தீர்க்கும்.

செடிவாரியாகப் பார்த்தால், தெச்சி மெதுவாக வளர்வது. ஒரேயடியாக வெட்டினாலும் பிழைக்கக்கூடியதே என்றாலும், திரும்பப் பூக்க நெடுநாள் எடுத்துக்கொள்ளும் என்பதால் தவணை முறையே மேல். சிமெண்ட் மதிலை ஒட்டி நிற்கும் தெச்சியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றப் பகுதி வெளிறித் தோன்றினால், சுவரிலிருந்து கரைந்திறங்கும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை உயர்த்தி, இரும்புச்சத்து கிடைக்காமல் செய்துவிட்டது என்று கொள்ளலாம். அந்தச் செடிக்கு முதலில் வேண்டியது மண் திருத்தம், கவாத்து பிறகு. நந்தியாவட்டை எதையும் தாங்கும் செடி. தவணையானாலும் முழு வெட்டானாலும் பெரிய வேறுபாடு தெரியாது. காகிதப்பூவின் நிலை வேறு. வறண்ட மாதங்களில்தான் அது நிறைந்து பூக்கிறது. மழைக்காலத்தில் இலையும் முள்ளுமாக நீண்டு வளர்கிறது. எனவே கோடைப் பூப்பு ஓய்ந்ததும் கடுமையாக வெட்டி, வடகிழக்குப் பருவமழை முடியும் தறுவாயில் நீண்ட கொம்புகளின் நுனியை மட்டும் கிள்ளிவிடுவது அதற்கு ஏற்ற முறை. தடித்த தோல் கையுறை இல்லாமல் அதனிடம் போகக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மல்லிகைக் குடும்பத்துக்கு மட்டும் இந்த விவாதமே தேவையில்லை. வழி ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசி வாரத்தில் 75 செ.மீ. உயரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்தில் 45 செ.மீ. உயரத்திலும் வெட்டிவிட வேண்டும். தோவாளை பூச்சந்தைக்கு அனுப்பப் பிச்சி வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் வெட்டும் செடியை, வீட்டில் ஒரு மூடு செடி வைத்திருப்பவர்கள் வெட்டத் தயங்குவதால்தான் வீட்டுப் பிச்சி கொடியாகக் கூரைவரை ஏறி, எட்டாத உயரத்தில் நாலு பூவைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

இனி மாதம். இந்த மாவட்டத்துக்கு ஒரே நாள்காட்டியைக் கொடுத்துவிட முடியாது. விளவங்கோடு, திருவட்டாறு, கல்குளம் பக்கத்து மேற்குப் பகுதிகளில் ஜூன் தொடங்கி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கும். ஈரம் காயாத வெட்டுவாயில் பூஞ்சை புகுந்து, கொம்பு நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகிவரும். மழைக்காலத்தில் பால்வெட்டும் ரப்பர் மரங்களுக்கு ரெயின்கார்டு என்னும் மழைத்தடுப்பு ஒட்டுவதும், பட்டை அழுகலுக்கு மருந்து பூசுவதும் ஏன் என்று அறிந்த ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் முற்றத்துச் செடியில் அதே கவனத்தைக் காட்டுபவர்கள் குறைவு. இப்பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை தளர்ந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் ஆவணி மாத இடைவெளியை நான் முதலாவதாகச் சொல்வேன். மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் கடுமையாக இராது, ஐப்பசி மழைக்கு முன் தளிர் முற்றிக்கொள்ள ஏழெட்டு வாரங்கள் கிடைக்கும்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பகுதியில் நிலைமை நேர்மாறானது. காற்றாலைகளைச் சுழற்றும் கணவாய்க் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை இளந்தளிரை உலர்த்திக் கிழித்துவிடும். அங்கே ஆவணியில் வெட்டுவது பொருந்தாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழிக் கடைசியும் தை முதற்பாதியுமே ஏற்றவை. மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், காற்று அடங்கியிருக்கும். மாசி, பங்குனி வெயிலுக்குள் தளிர் தண்டாக முற்றிவிடும். கிணற்றிலோ குழாயிலோ தண்ணீர் இருந்தால் மட்டுமே இந்தக் காலம் முழுப் பயன் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் தென்மேற்குக் காற்று உப்பையும் சுமந்துவருவதால், அங்கும் இதே மார்கழி, தைக் கணக்கே சரி. அதோடு கடலைப் பார்த்த பக்கத்துக் கொம்புகளைக் கடைசித் தவணைக்கு விட்டுவைத்தால், அவை காற்றுத் தடுப்பாக நின்று உள்ளே வரும் தளிரைக் காக்கும்.

மாவட்டம் முழுவதற்கும் பொதுவாகத் தவிர்க்க வேண்டிய காலம் சித்திரை. இலைக்குடையை இழந்த அடித்தண்டின் பட்டை, அதுவரை நிழலிலேயே இருந்து பழகியது; திடீரென்று உச்சி வெயில் பட்டால் வெந்து வெடித்துவிடும். வேறு வழியே இல்லாமல் அப்போது வெட்ட நேர்ந்தால், தண்டுக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசிவிட வேண்டும். இன்னொரு பக்கம், பின்மழைக் காலத்தில் தலைகனத்து நிற்கும் செடியைத் தொடாமல் விடுவதும் நல்லதல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது இம்மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் பெருமளவில் சாய்ந்தன. ஈர மண்ணில் வேர்ப்பிடிப்பு தளர்ந்திருக்கும்போது, மேலே பாரம் மிகுந்த எதுவும் காற்றுக்கு நிற்காது. வீட்டுக்கு வரும் மின்கம்பியைத் தொடும் கொம்பு இருந்தால் அதற்கு மாதமும் தவணையும் கிடையாது. ஆனால் அதை நாமே வெட்டாமல், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும்.

எந்த வழியானாலும் வெட்டும் முறை ஒன்றுதான். விரல் பருமன் வரை கைக்கத்தரி, அதற்கு மேல் கவாத்து ரம்பம். வெட்டுகத்தியால் கொத்தினால் தண்டு சிலாம்பாகப் பிளந்து, நீர் தேங்கும் காயமாகிவிடும். மணிக்கட்டுப் பருமனுள்ள கொம்பை ஒரே வெட்டில் எடுக்கப் பார்த்தால், அது சாயும்போது பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு போகும். அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதலில் அறுத்து, சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தைக் கழித்து, மிச்சமுள்ள குச்சியைக் கடைசியாகக் கொம்பின் அடிப்புடைப்பை ஒட்டி நீக்க வேண்டும். நீண்ட முளைக்குச்சியை விட்டுவைத்தால் அது காய்ந்து கறையானுக்கு வாசலாகும். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கத்தரியைச் சாராயச் சத்துள்ள கிருமிநாசினியால் துடைப்பது நல்லது.

பெரிய காயங்களுக்குப் போர்டோ பசை போதும். 100 கிராம் துருசு என்னும் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரங்களில் தனித்தனியே கரைத்து, பிறகு ஒன்றாகக் கலந்து அன்றைக்கே பூசிவிட வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது.

அரளியை வெட்டுபவருக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டுமே வேர் முதல் விதை வரை நஞ்சுள்ளவை. வெட்டிய கழியை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடக் கூடாது. எரித்தால் புகையும் தீங்கு செய்யும் என்பதால் எரிக்கவும் கூடாது. குழி தோண்டிப் புதைப்பதே சரி. பால் கண்ணில் படாதபடி கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். எந்தச் செடியானாலும் கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு நீண்ட கம்பால் உள்ளே தட்டிப் பார்ப்பது, பாம்புக்கும் குளவிக்கும் நாம் கொடுக்கும் அறிவிப்பு. தையல்சிட்டோ கொண்டைக்குருவியோ கூடு கட்டி முட்டையிட்டிருந்தால், குஞ்சு பறக்கும்வரை அந்தச் செடியை விட்டுவிடலாம். நாட்காட்டியைவிட அதற்கே என்னிடம் முன்னுரிமை.

தோண்டியெடுத்துவிடும் நான்காவது வழியைத் தோல்வியாகக் கருத வேண்டாம். பத்தடிக்கு மேல் வளரக்கூடிய அரளியைச் சன்னலுக்குக் கீழே நட்டிருந்தால், அதை எத்தனை முறை வெட்டினாலும் செடிக்கும் சன்னலுக்கும் இடையிலான வழக்கு தீராது. முழு வளர்ச்சியில் அந்த இடத்துக்குள் அடங்குமா என்பதே அளவுகோல். அடங்காது என்றால், குட்டைவகைத் தெச்சியோ கனகாம்பரமோ அங்கே நிற்கட்டும். ஆனால் பழைய செடியின் மீது கை வைப்பதற்கு முன், பென்சில் பருமனில் முக்கால் அடி நீளக் குச்சிகள் சிலவற்றை நறுக்கி, அடி இலைகளை நீக்கி, ஈரமணலில் நிழலில் ஊன்றிவைக்க வேண்டும். எண்ணெய் காய்ச்சப் பயன்படும் ஒற்றை அடுக்கு நாட்டுச் செம்பருத்தி இப்போது நாற்றுப்பண்ணைகளில் கலப்பினங்களைப் போல எளிதில் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் அதன் குச்சி சில வாரங்களில் வேர்விடும். முழு வெட்டுக்கு உட்படுத்தும் செடிக்கும் இதே முன்னேற்பாடு பொருந்தும்.

வெட்டியபின் உடனே யூரியாவை அள்ளிப்போடுவது பலரது வழக்கம். இலையில்லாத செடி அதை எடுத்துக்கொள்ளாது. எடுத்துக்கொண்டாலும் மென்மையான, பூச்சிக்குப் பிடித்த தளிரையே அது தரும். நன்கு மட்கிய சாணத்தூளைத் தூரைச் சுற்றிப் போட்டு, அதன்மேல் தேங்காய்க் கதம்பையை நார்ப்பக்கம் கீழே இருக்குமாறு பரப்பி, அடித்தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடுவது போதுமானது. முழு வெட்டு வாங்கிய செடியில் மூன்று நான்கு வாரங்களில் தளிர்கள் கொத்துக்கொத்தாக வெடித்து வரும். அவை எல்லாவற்றையும் வளரவிட்டால், இரண்டே ஆண்டுகளில் பழைய புதர் திரும்பிவிடும். தளிர்கள் ஒரு சாண் உயரம் வந்ததும், நாற்புறமும் பரவியவாறு ஐந்து முதல் ஏழு தளிர்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கையாலேயே ஒடித்துவிட வேண்டும்; வைத்தவை ஒன்றரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விரிந்து, பூ கைக்கெட்டும் உயரத்தில் தங்கும்.